அந்தோனியாருக்கு ஒரு வெள்ளிக் கால்

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, உள்ளே கையை விட்டு ஒரு சாக்ஸை வெளியே எடுத்தார். சாக்ஸுக்குள் கால் இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, “வெள்ளி சார், வெள்ளி” என்றேன்.

உருவிப் பார்த்தார். ஒரு சாண் நீளம். முழங்காலிலிருந்து பாதம் வரை, ஐந்து விரலும் நகத்தோடு.

“யாருடைய கால்?”

“என் மனைவியுடையது.”

“அவர்கள் எங்கே?”

“மலேசியாவில். நடந்துகொண்டிருக்கிறார்.”

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ‘பெரியவர் மனைவியைத் தவணை முறையில் கொண்டுவருகிறார்’ என்று அர்த்தமானது. இருவரும் சிரித்து முடித்ததும் காலைத் திரும்பச் சாக்ஸுக்குள் போட்டுக் கொடுத்தார்கள்.

என் மனைவி லூர்துமேரி மேலூர்ப் பக்கத்துக்காரி, ஆர்.சி. நான் மதுரையில் பிறந்த புராட்டஸ்டண்ட். வேலைக்காக மலேசியாவில் கிள்ளானுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டோம். எங்கள் வீட்டில் பைபிள் இரண்டு. அவளுடையது என்னுடையதைவிடத் தடிமன், அதில் ஏழு புத்தகம் கூடுதல். நான் பேதுரு என்பவரை அவள் இராயப்பர் என்பாள், என் பவுல் அவளுக்குச் சின்னப்பர். கட்டளைகள் பத்துதான், ஆனால் எண்ணுகிற விதம் வேறு. ஒருமுறை விருந்தில், “ஆபீஸில ஆறாம் கட்டளையை மீறிடலாம்னு பல நாள் தோணியிருக்கு” என்று விளையாட்டாகச் சொன்னேன். என் கணக்கில் அது கொலை. அவள் கணக்கில் விபசாரம். “யாரோட?” என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

போன வருஷம் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக நடக்க ஆரம்பித்தால் மேலூரைத் தாண்டி இருக்கிற அந்தோனியார் கோயிலுக்கு வெள்ளிக் கால் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். நீண்ட நேரம் விமானத்தில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் காலை நான் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

“கடவுள்கிட்ட நேராவே கேட்கலாமே? நடுவில எதுக்கு ஒருத்தர்?” என்றேன், வழக்கம்போல.

“தாலுகா ஆபீஸுக்கு நேராப் போவீங்களா, தெரிஞ்சவரைப் பிடிச்சுப் போவீங்களா?” என்றாள், அவளும் வழக்கம்போல.

ஆனையூரில் என் சித்தப்பா மகன் சாமுவேல் வீட்டில் தங்கினேன். சாமுவேல் என்னைவிட இளையவன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், சபையில் மூப்பர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். மாதா படம் போட்ட காலண்டரை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதவன். எனவே கால் சாக்ஸுக்குள்ளேயே இருந்தது.

வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரரிடம் சாமுவேல், “அண்ணனக் கூப்பிட நானே வந்துருப்பேன், எங்க ஐயர் வீட்டுக்கு வந்துட்டாரு” என்றான். சுவரில் இருந்த சிலுவையையும் சமையலறையிலிருந்து வந்த ஆட்டுக்கறி வாசனையையும் ஆட்டோக்காரர் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அதை விளக்க யாருக்கும் நேரமில்லை, அவர் குழப்பத்தோடு போனார்.

சாமுவேலின் மனைவி எஸ்தர் இலையில் சோறு போட்டாள். சாமுவேல் ஜெபம் பண்ணினான். ஆபிரகாமில் ஆரம்பித்து, மோசேயைத் தொட்டு, மலேசியாவின் ஆட்சியாளர்களையும் நினைவுகூர்ந்து, கடைசியாகக் கறிக்குழம்புக்கு வந்தபோது குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தது. லூர்து என்றால் சிலுவை போட்டு நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவாள். சூடான சாப்பாடு விஷயத்தில் நான் எப்போதும் ரோமின் பக்கம்தான்.

“டேனியல் எப்படி இருக்கான்?” என்று கேட்டேன். அவர்களுடைய ஒரே மகன்.

எஸ்தர் ரசம் எடுக்க எழுந்து போனாள். சாமுவேல், “இருக்கான்” என்றான். அதற்கு மேல் அந்தப் பெயர் மேசைக்கு வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவர்கள் சபையில் ஆராதனைக்குப் போனேன். வெள்ளையடித்த சுவர், ஒரு வெற்றுச் சிலுவை, எட்டுத் திசைக்கும் மின்விசிறி. கிள்ளானில் எங்கள் சபையில் ஏசி உண்டு, அதனால் ஐயர் பிரசங்கத்தை எவ்வளவு நீட்டினாலும் தாங்கலாம். இங்கே வெயிலே அவரை முடிக்கச் சொல்லும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அன்றைய செய்தி இரண்டாம் கட்டளை. ‘யாதொரு சொரூபத்தையும் உண்டாக்க வேண்டாம்.’ தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள எதையெதையெல்லாம் உருவமாகச் செய்யக் கூடாது என்று ஐயர் பட்டியல் போடப் போட, பெட்டிக்குள் சாக்ஸ் போட்டுப் படுத்திருந்த அந்தக் காலை நினைத்து எனக்கு வியர்த்தது.

“நல்ல செய்தி, இல்லயாண்ணே?” என்றான் சாமுவேல் வெளியே வந்து.

“எனக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றேன். அவனுக்கு அது பெரிய சந்தோஷம்.

திங்கட்கிழமை டவுனுக்குள் சுற்றினேன். கறிதோசை சாப்பிட்டேன். கிள்ளானில் ரொட்டி சானாய் என்று எங்களுக்குத் தருவதை மதுரைப் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் கல்லை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சாலையைக் கடக்க நின்றபோது ஒருவர் என் கையைப் பிடித்து, “சும்மா வாங்கண்ணே, அவன் பார்த்துக்குவான்” என்று இழுத்துக்கொண்டு போனார். அவன் என்றது எதிரே வந்த பஸ்ஸின் டிரைவரையா கடவுளையா என்று தெரியவில்லை. கடவுளைத்தான் என்றால், நேராகவே ஒப்படைத்துவிட்டார், நடுவில் யாரும் இல்லை.

செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். காலையில் எஸ்தரிடம் ஒரு பை கேட்டேன். ஒரு பெரிய ஜவுளிக்கடைத் துணிப்பை கொடுத்தாள். மதுரையில் பாதிப் பேர் கையில் இருக்கிற பை. கால், சாக்ஸோடு அதற்குள் போயிற்று.

“எங்க போறீங்க அத்தான்?”

“மேலூர்ப் பக்கம் லூர்து சொந்தக்காரங்களைப் பார்த்துட்டு வாரேன்.”

அவள் கொஞ்சம் முழித்த மாதிரி இருந்தது. “நானும் மார்க்கெட்டுக்குப் போறேன்” என்றாள், நான் கேட்காமலேயே.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. பாதி வழியில் பஸ் ஒரு மாதிரி முனகி, ஓரமாக ஒதுங்கி, நின்றுவிட்டது. இருபக்கமும் வயல், தூரத்தில் கிரானைட்டுக்காகக் கேக் மாதிரி துண்டு போட்ட ஒரு குன்று. இறங்கி நின்றோம். கண்டக்டர் பின்னால் வந்த பஸ்ஸை மறித்து எங்களை அதில் திணித்தார். பைகளை யார் யாரோ கை மாற்றி ஏற்றிவிட்டார்கள். என் பையும் ஒரு ஜன்னல் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

மேலூரில் இறங்கி, கோயிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்த பிறகுதான் மணம் வந்தது. மல்லிகையும் சந்தனமும் சேர்ந்த கனத்த மணம். ஆட்டோவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையைத் திறந்தேன். உள்ளே வரிசையாக அத்தர் குப்பிகள், நாலைந்து வெள்ளைத் தொப்பிகள். ஒரு குப்பி உடைந்து என் வேட்டி வரைக்கும் நனைந்திருந்தது. காலைக் காணோம்.

 புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டு லூர்துவிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கால் அவளுடைய பழைய கொலுசுகளை உருக்கிச் செய்தது. வலது காலில் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அதையும் அப்படியே செய்யச் சொல்லி ஆசாரியிடம் தன் காலை நீட்டிக் காட்டியிருந்தாள். அவள் வீடியோவில் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். விரலைத்தான் முதலில் பார்ப்பாள்.

பக்கத்தில் இருந்த அம்மா என் கதையைக் கேட்டுவிட்டு, “தொலஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதே அந்தோனியாருதானுங்களே. கேளுங்க” என்றார்.

அவருக்கே கொண்டுபோனதைத் தொலைத்துவிட்டு அவரிடமே கேட்பதா? அதுவும் நான் கேட்பதா? ஆட்டோ ஊருக்கு ஊர் நின்று ஆளை இறக்கி, குலுங்கிக்கொண்டே போயிற்று. கேட்டேனா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஐயர் படிக்க வாய்ப்பிருக்கிறது.

கோயில் சின்னது. முன்னால் தகரப் பந்தல், பந்தல் நிறைய ஜனம். பாதிக்கு மேல் பொட்டு வைத்தவர்கள். மெழுகுத்திரிப் புகை, உப்பும் மிளகும் குவித்த தட்டுகள், கூடை கூடையாக ரொட்டி. நான் பந்தலுக்குள் நுழைகிறபோது ஒலிபெருக்கியில் காணிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளிக் கால் ஒன்று, மதுரை காதர் பாய்.”

நின்றேன். பந்தலின் ஓரத்தில், என் பை மாதிரியே ஒரு பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். காற்று என் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. டம்ளரை இறக்கி என்னைப் பார்த்தார்.

“நம்ம அத்தர்” என்றார்.

“நம்ம கால்” என்றேன்.

காதர் பாய் பழைய மதுரைக்காரர், மேலூரில் வியாபாரத்துக்கு வந்தவர். “பைக்குள்ள கைய விட்டேன் சார். சாக்ஸ் மாட்டுன கால் கையில வருது. யா அல்லான்னு கத்திட்டேன். டீக்கடைக்காரரு பாத்துட்டு, இது அந்தோனியாருக்குப் போற காலு பாய், இன்னக்கிச் செவ்வாக்கெழம, ஆளு அங்கதான் வருவாருன்னாரு. இங்க கொண்டாந்து, ஆளு வந்தா குடுங்கன்னு சொன்னேன். அவுங்க பேர மட்டும் கேட்டாங்க. சொன்னேன். மைக்ல போட்டுட்டாங்க.”

உடைந்த குப்பிக்கு நான் வருத்தம் சொன்னேன். “விடுங்க. எங்க வீட்ல கேட்டா சிரிப்பாங்க. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல நான் ஒரு வேண்டுதல் முடிச்சதே இதான்” என்று மீதி அத்தரோடு கிளம்பிப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லூர்துவின் வேண்டுதல் வேறொருவர் பேரில் பதிவாகிவிட்டது. பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். வயதில் சின்னவர், அங்கியில் மெழுகு சொட்டியிருந்தது. முழுவதையும் கேட்டார்.

“நீங்க எந்தப் பங்குக் கோயில்?”

“நான் அந்தப் பக்கம், ஃபாதர்.”

“புராட்டஸ்டண்டா?” அவர் கண் சிரித்தது. “நேர்ந்தது கத்தோலிக்கர், கொண்டுவந்தது புராட்டஸ்டண்ட், வச்சது முஸ்லிம். அந்தோனியாருக்கு இன்னக்கி நல்ல நாள்தான்.”

“அப்ப நேர்ச்சை சேருமா ஃபாதர்?”

“நீங்க நேர்ச்சையையே நம்பமாட்டீங்களே. சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன?”

 “அவ நம்புறா. அவளுக்குச் சேரணும்” என்றேன்.

அவர் விளையாட்டை விட்டார். “சேந்துருச்சுங்க. முடிவுல அவங்க பேரச் சொல்றேன். இருந்து செபிச்சுட்டுப் போங்க” என்றார்.

நவநாள் செபம் தொடங்கியது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அருள் நிறைந்த மரியே வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தபோது நிம்மதியாகத் திறந்தேன், அது எல்லோருக்கும் பொது. ஜனம் ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்’ என்று முடித்துவிட்டது. எங்கள் ஜெபத்தில் அதற்கு மேலும் ஒரு வரி உண்டு, சின்ன வயசிலிருந்து பழகின என் வாய் நிற்கவில்லை. “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று அமைதியான பந்தலில் கணீரென்று ஓடிவிட்டது. புராட்டஸ்டண்டுகளைப் பிடிக்க இதைவிட நல்ல பொறி கிடையாது.

ஆனால் ஓடியது நான் மட்டும் அல்ல. பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் ‘மகிமையும்’ வரைக்கும் வந்து, பிரேக் போட்ட மாதிரி நின்றது.

திரும்பினேன். தூணுக்குப் பக்கத்தில் எஸ்தர். முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை, மடியில் ஒரு குழந்தை அந்த முக்காட்டின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

செபம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண் நின்றாள்.

“மார்க்கெட் நல்ல கூட்டம்” என்றேன்.

“உங்க சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா அத்தான்?” என்றாள் எஸ்தர். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் அழுதாள்.

அந்தப் பெண் செலின், டேனியலின் மனைவி, மேலூரில் நர்ஸ். கல்யாணத்தைக் கத்தோலிக்கக் கோயிலில் வைக்க வேண்டும் என்று பெண் வீடு சொன்னது. எங்கள் சபையில்தான் என்று சாமுவேல் சொன்னான். டேனியல் பெண் வீட்டுப் பக்கம் நின்றான், கத்தோலிக்கனாகி உறுதிபூசுதலும் வாங்கிக்கொண்டான். ‘இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம்’ என்று சாமுவேல் சொன்னது குழந்தை பிறந்த பிறகும் மாறவில்லை. செவ்வாய்தோறும் செலின் நவநாளுக்கு வருவாள். காய் வாங்குகிறேன் என்று எஸ்தர் வருவாள். நடுவே ஒருமணி நேரம் குழந்தை எஸ்தர் மடிக்கு வரும்.

“நீ அந்தோனியார்கிட்ட வேண்டிக்கிறியா?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்ல அத்தான். நான் கர்த்தர்கிட்டத்தான் வேண்டுறேன். இங்க உக்காந்து வேண்டுறேன், அம்புட்டுத்தான்.” குழந்தையின் வாயைத் துடைத்தாள். “உங்க தம்பிக்குச் சொல்லிராதீங்க.”

கால் வந்த கதையைச் சொல்லிவிட்டு, “நீயும் என் காலைப் பத்திச் சொல்லாதே” என்றேன்.

குழந்தையை வாங்கிக்கொண்டேன். கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு, கன்னத்தில் மைப்பொட்டு. என் மூக்கைப் பிடித்து, அத்தர் நெடிக்கு ஒரு தும்மல் போட்டது. பேர் மரிய ஸ்டெல்லா என்றாள் செலின்.

அங்கிருந்தே லூர்துவை வீடியோவில் அழைத்து, பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய காலைக் காட்டினேன். விரலைத்தான் முதலில் பார்த்தாள். பாய் விவகாரத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

“பாய் பேரச் சொன்னா என்ன? என் கால அந்தோனியாருக்குத் தெரியாதா” என்றாள். சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்து, கூடத்தில் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை கம்பு இல்லாமல் நடந்து காட்டினாள். காட்டியது எனக்கில்லை, எனக்குப் பின்னால் இருந்தவருக்கு. நான் போனைப் பீடத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஐயர் இதையும் படிக்க வாய்ப்பிருக்கிறது, பரவாயில்லை.

சாயங்காலம் எஸ்தர் தேநீரோடு ரொட்டி வைத்தாள். அந்தோனியார் ரொட்டிதான். எனக்கு அந்தக் கூடை நன்றாக நினைவிருந்தது. சாமுவேல் ஒன்றை எடுத்து, தேநீரில் முக்கி, நிதானமாகச் சாப்பிட்டான். நானும் எஸ்தரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“என்னண்ணே, அத்தர் வாசன தூக்குது?” என்றான்.

“பஸ்ல ஒரு பாயோட பை மாறிப்போச்சு” என்றேன். அன்று நான் அந்த வீட்டில் சொன்ன ஒரே முழு உண்மை.

வியாழக்கிழமை சாமுவேல் தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். எஸ்தர் வாசலிலேயே நின்றுகொண்டாள். ரிங் ரோட்டில் திருமங்கலம் போகிற லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். 

“செவ்வாக்கெழம நீங்களும் மேலூருதான போனீங்க” என்றான்.

“ஆமா.”

“எஸ்தர அங்க பாத்தீங்களா?”

நான் கண்ணாடி வழியே லாரியைப் பார்த்தேன்.

“சொல்ல வேணாம்ணே. காய் வாங்கப் போறேங்குறா. காயே இல்லாம ரொட்டியோட வாரா. நான் கணக்கு வாத்தியார்.” கியரை மாற்றினான். “மொத வாரம் கேக்கத்தான் நினச்சேன். கேட்டா, போகாதன்னு சொல்லணும். சொல்லிட்டா, அவ போகமாட்டா. அதான் கேக்கல. ரொட்டிய மட்டும் தின்னுட்டுப் பேசாம இருக்கேன்.”

லாரி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

“புள்ள யாரு மாதிரி இருக்கு?” என்றான்.

“மூக்கு உன் மூக்கு. பாவம்.”

அவன் சிரிக்கவில்லை. கையால் தன் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டான்.

“பேரு?”

எஸ்தருக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். ‘சொல்லிராதீங்க’ என்றுதான் சொன்னாள். கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

“மரிய ஸ்டெல்லா.”

வண்டி விமான நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினான். இறங்கவில்லை, ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“நம்ம வேதத்துல அது மரியாள்” என்றான்.

“அவங்க வேதத்துல மரியா.”

“ள் இல்லாமலா?”

“ள் இல்லாமத்தான்.”

 மூப்பர் கீழே இறங்கி, டிக்கியைத் திறந்து, என் பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தான்.

“சின்னப் புள்ளைக்கு ள் வாயில வராதுதான்” என்றான்.